வடக்கு எல்லையில் ஒன்பது அடிக்கட்டைகள்

மார்ஷ் நெக், மெய்ன்
செப்டம்பர் 9

மதிப்புக்குரிய திருமதி தர்லோ அவர்களுக்கு,

நான் எழுதினால் நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். பாதியில் நிறுத்த நினைத்தால் எங்கே நிறுத்தலாம் என்றாவது தெரியும்.

1. மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு ஏன் எழுதுகிறேன்.
2. அறக்கட்டளைக்கு இப்போது என்ன தேவை.
3. உங்கள் பழைய நிலத்தின் வடக்கு எல்லையில் நான் கண்டது.
4. அதைச் செய்தவர் யார்.
5. உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

முதலாவது. வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் மகளிடம் போனபோது உங்கள் புது முகவரியைத் தபால் நிலையத்தில் கொடுத்தீர்கள். என்னிடம் கொடுக்கவில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கும் இல்லை. இருந்தாலும் இந்த நில அறக்கட்டளை உங்கள் சமையலறை மேசையில்தான் தொடங்கியது. மரம் வெட்ட மாட்டோம், கட்டடம் கட்ட மாட்டோம், எங்களுக்குப் பின் வாங்குபவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று முதல் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் நீங்களும் ஆமோஸும்தான். அந்த நிலத்தைப் பற்றிய செய்தியை நீங்கள் அச்சில் படிப்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது நல்லது என்று நினைத்தேன்.

இரண்டாவது. பராமரிப்பு நிதி. புதிதாக நிலம் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால் இந்த ஊரில் கொடுக்கிறார்கள். காப்பாற்றிய நிலத்தின் எல்லையை ஆண்டுதோறும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், யாராவது மீறினால் வக்கீல் வைக்க வேண்டும் என்று கேட்டால் யாரும் கொடுப்பதில்லை. இத்தனை நாள் கூலி வாங்காமல் நான் நடந்தேன். எனக்கு எழுபத்தேழு ஆகிவிட்டது. போர்ட்லண்டில் உள்ள ஓர் அமைப்பு, நவம்பர் பீன்ஸ் விருந்துக்குள் நாங்கள் திரட்டுவது எவ்வளவோ அவ்வளவு தானும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. திரட்ட முடியாவிட்டால் நம் பதினான்கு நிலங்களையும் தலைநகரில் இருக்கும் பெரிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். அவர்கள் காரில் வந்து, காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போவார்கள். நன்கொடை கேட்டு ஊருக்கு அனுப்பும் கடிதத்தை எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது. ஆகஸ்ட் 28 அன்று வடக்கு எல்லையை நடந்தேன். ஏழாம் எண் கல்லில் நின்று பார்த்தால் பைன் மரங்கள் இருக்க வேண்டும். கடல் இருந்தது. வெட்டிய அடிக்கட்டைகள் ஒன்பது. எல்லாவற்றையும் அளந்தேன். தரையிலிருந்து சராசரி உயரம் இரண்டே முக்கால் அடி. வெட்டுமுகம் சாம்பல் நிறம்.

நான்காவது. உங்கள் வீட்டை வாங்கிய திரு. கார்போன் ரோட் ஐலண்டிலிருந்து வந்தவர். மரங்கள் இருந்தவரை அந்த வீட்டிலிருந்து கடல் தெரியாது. இப்போது தெரிகிறது. அறக்கட்டளைத் தலைவி மார்ஜரி லெவிட்டிடம் படத்தைக் காட்டினேன்.

“எல்வுட், இதுதான் நமக்கு வேணும்” என்றாள். “எதுக்கு நிதின்னு கேக்குறவங்களுக்கு இந்தப் படம் போதும். பேர் போட வேண்டாம். கட்டைங்களே பேசும்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?”

“கேட்டா வக்கீலக் கூட்டிட்டு வருவாரு.”

ஐந்தாவதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

தங்கள்,
எல்வுட் பிங்கம்


செப்டம்பர் 17

எல்வுட்,

உன் கடிதத்தை ஐந்தாவது வரை படித்தேன். எங்கே நிறுத்தலாம் என்று நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

திருமதி தர்லோவாம். இருபத்திரண்டு வருடம் என் மேசையில் பிளாக்பெரி பை தின்றபோது நான் ஹெஸ்டராக இருந்தேன்.

நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. அந்த நவம்பரில் உன்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டேன். ஆமோஸ் இனி எழுந்திருக்க மாட்டார், சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்க்க ஆசைப்படுகிறார், அந்த மூலையில் சில மரங்களை எடுக்க அறக்கட்டளை அனுமதி தருமா என்று. நீ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மரம் வெட்டத் தடை சொல்லும் பத்திரத்தின் ஆறாவது பிரிவை எனக்கு வாசித்துக் காட்டினாய். முழுவதையும் வாசித்தாய். அடுத்த அறையில் கதவு திறந்திருந்தது. பிறகு சவ அடக்கத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடியும் முன்பே எழுந்து போனாய். முதுகைப் பார்த்தேன்.

இப்போது அதே மூலையைப் பற்றி எனக்கு எழுதுகிறாய்.

பராமரிப்பு நிதிக்கு யாரும் பணம் தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் நான்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். வாங்கிய குதிரைக்குப் புல் வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பேன். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

அந்த மனிதரிடம் கேட்காமலே படத்தைப் போடப்போகிறீர்களா?

ஹெஸ்டர்

பின்குறிப்பு: கடிதத்தை எந்தத் தேதியில் தபாலில் சேர்க்கிறீர்கள்?


செப்டம்பர் 25

அன்புள்ள ஹெஸ்டர்,

கேள்விகளுக்கு நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் எழுதப் பார்க்கிறேன்.

ஆறாவது பிரிவை வாசித்தேன். முழுவதையும்தான் வாசித்தேன். நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவேனோ என்று பயந்து வாசித்துக்கொண்டே போனேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

சவ அடக்கத்தில் பாதியில் எழுந்தது உண்மை. வாசலில் உங்களுக்குக் கை கொடுக்க வேண்டிவரும் என்று எழுந்தேன்.

திரு. கார்போனிடம் கேட்கத்தான் போனேன். பத்தொன்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு. தக்காளிச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

“வாங்க வாங்க. நீங்கதானே அந்த நடக்கிறவரு? கடையில சொன்னாங்க. மூணு வருஷமா இங்க இருக்கேன், ஒரு தடவகூட இந்தப் பக்கம் உங்களப் பாக்கலையே.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எல்லையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தேன்.

“எல்லை இருக்கட்டும், தக்காளிய என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறேன். எங்க ஊர்னா பக்கத்து வீட்ல வந்து பிடுங்கிட்டே போயிடுவாங்க. இங்க குடுத்தாக்கூட யோசிக்கிறாங்க. இந்தாங்க, சாஸ். எங்கம்மா செய்யற மாதிரி.”

ஒரு ஜாடியைக் கையில் திணித்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்கவில்லை. ஜாடி என் சமையல் மேடையில் இருக்கிறது. திறக்கவும் முடியவில்லை, தள்ளி வைக்கவும் முடியவில்லை.

அவர் கேட்டது என்னைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் சண்டைக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் வடக்கு எல்லையை நான் நடக்கவே இல்லை. அந்த வழி உங்கள் சன்னலுக்குக் கீழே போகிறது. முதல் ஆண்டு நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரிந்தும் அந்தச் சன்னலைக் கடக்க முடியவில்லை. தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்றையும் நடந்தேன். வடக்குக்கு நேராக “மாற்றமில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு முறை எழுதிய பிறகு இரண்டாம் முறை எழுதுவது சுலபமாக இருந்தது. இந்த ஆண்டு ஒவ்வொரு கல்லிலும் புதுப் படம் வேண்டும் என்று படிவம் மாறிவிட்டது. அதனால்தான் போனேன்.

நன்கொடைக் கடிதத்தின் முதல் வரி, நான் எழுதியது: “ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் எல்லையையும் நாங்கள் நடக்கிறோம்.”

அக்டோபர் பத்தாம் தேதி அச்சாகி வரும். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை நூலகத்தில் மடித்து, உறையிலிட்டுத் தபாலில் சேர்ப்பார்கள். நானூறு வீடுகள். நீங்கள் ஏற்படுத்திய வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும், பெறுபவரைத் தெரிந்த ஒருவர் கையால் ஒரு வரி எழுதுகிறோம். எனக்கு வந்த பட்டியலில் திரு. கார்போன் இருக்கிறார். அந்தப் படம் உள்ள தாளின் ஓரத்தில் அவருக்கு நான் அன்பாக ஒரு வரி எழுத வேண்டும்.

எல்வுட்


அக்டோபர் 1

எல்வுட்,

அதை அனுப்பாதே.

காரணம் கேட்பாய். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நீ. இரண்டே முக்கால் அடி என்று நீயே எழுதியிருக்கிறாய். மரம் வெட்டுகிறவன் கணுக்கால் உயரத்தில் வெட்டுவான், பலகை வீணாகாமல் இருக்க. தொடை உயரத்தில் ஏன் வெட்டினான்? அவன் எதன்மேல் நின்றுகொண்டு வெட்டினான்?

யோசி. என்னை எழுத வைக்காதே.

ஹெஸ்டர்


அக்டோபர் 6

அன்புள்ள ஹெஸ்டர்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வெர்ல் ஹாஸ்கெல்லைப் பார்க்கப் போனேன். இந்தக் கரையில் பெரிய பைன் மரத்தைச் சாய்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினான்.

“என்ன வாத்தியாரே, விறகு வேணுமா? குளிருக்கு இன்னும் நாளிருக்கே.”

“ஒரு கணக்கு கேக்கணும் வெர்ல்.”

“கணக்கா? நீங்க எனக்கு ரெண்டு தடவ ஃபெயில் போட்டீங்க. இப்ப வந்து என்கிட்ட கேக்குறீங்க.”

தரையில் பனி நிறைய இருந்தால் மரத்தை எங்கே வெட்டுவாய் என்று கேட்டேன்.

“பனிமேல நின்னுதான் வெட்டுவோம். ரம்பத்த பனிக்குள்ள விட முடியுமா? பனி கரைஞ்சா கட்ட உசரமாத் தெரியும். கட்ட எவ்வளவோ, அன்னிக்குப் பனி அவ்வளவு.”

“கரையோரத்துல இரண்டே முக்கால் அடி பனி கடைசியா எப்ப?”

வெர்ல் கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டான். “கார்போன் வந்த அப்புறம் கரையில கணுக்கால் அளவுக்கு மேல விழலையே. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வருஷம்தான். ஆமோஸ் படுக்கையில இருந்த வருஷம்.” விறகுக் கட்டை ஒன்றை எடுத்து அடுக்கில் வைத்தான். “வாத்தியாரே, யாருக்கு வெட்டினேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன். வாயில பொய் வராது எனக்கு.”

நான் கேட்கவில்லை. இந்த ஒரு முறை கேட்காமல் இருந்தது கோழைத்தனம் அல்ல என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் அச்சுக்குப் போய்விட்டது. எனக்குத் தூக்கமில்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் பெயர் போகும். அறக்கட்டளையைத் தொடங்கியவரே மீறினார் என்றால் நிதி தருபவர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்றாண்டு பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதும் வெளியே வரும். சொல்லாவிட்டால் எந்தத் தவறும் செய்யாத ஒருவரை நானூறு வீடுகளில் குற்றவாளியாக நிறுத்துகிறோம். அது மட்டுமல்ல. பத்திரப்படி இப்போதைய உரிமையாளர்தான் பொறுப்பு. மார்ஜரி வக்கீலிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

படத்தை மட்டும் எடுத்துவிடலாமா? எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? நான்காவது விஷயம் தவறு, அது தெளிவு. மற்றதெல்லாம் தெளிவாக இல்லை. என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள்.

எல்வுட்


அக்டோபர் 10
விரைவு அஞ்சல்

எல்வுட்,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். அன்றைக்கு என் சமையலறையில் இப்படிக் கேட்டிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது யோசித்திருப்போம். நீ வாசித்தாய்.

எழுதிவிடுகிறேன். ஒரே மூச்சில்.

நீ போன பிறகு ஆமோஸ் என்னைக் கூப்பிட்டார். “எல்வுட்டத் திட்டாதே. அந்த ஆறாவது பிரிவ எழுதச் சொன்னதே நான்தான். நம்மளே ஒடச்சா அப்புறம் எவன் மதிப்பான்?” என்று சிரித்தார். மரம் வேண்டாம், பேச்சை விடு என்றார். ஜனவரி வரை விட்டேன். அவர் முகம் சுவரைப் பார்த்தே இருந்தது. ஒரு நாள் அவர் மருந்தில் தூங்கும்போது வெர்லைக் கூப்பிட்டேன். பனி இடுப்பு வரை ஏறவில்லை, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டான். வெட்டிய மரத்தை அவனே எடுத்துக்கொண்டான்.

ஆமோஸ் விழித்தார். அறை முழுக்க வெளிச்சம். காற்று சாய்த்துவிட்டது என்றேன். ஒன்பது மரத்தையும் ஒரே வரிசையிலா என்று கேட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நாற்பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. மறுநாள் காலையில் கட்டிலைச் சன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார்.

ஆறு வாரம். கடல் ஏறுவதும் இறங்குவதும். பனிக்கட்டிகள் மிதந்து போவதும் திரும்பி வருவதும். சிப்பி தோண்டுகிறவர்களின் கோட்டு நிறத்தை வைத்து இது இன்னார், அது இன்னார் என்று சொல்லுவார்.

அதற்காக நான் வருந்தவில்லை. வருந்துவது வேறு ஒன்றுக்கு. வீட்டை விற்றபோது தரகர் “கடல் தெரியும் வீடு” என்று விளம்பரம் போட்டார். அதற்கு விலை ஏறியது. நான் வாயைத் திறக்கவில்லை. கார்போன் அதை நம்பி வாங்கினார். பணத்துக்காக வெட்டினாள் என்று ஊர் சொல்லும் என்று பயந்துதான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது அந்த மனிதர் என் தண்டனையை வாங்கிக்கொள்ளப் போகிறார், உனக்கு ஒரு ஜாடி சாஸும் கொடுத்துவிட்டு.

என் பெயரைப் போடு. முழுப் பெயரையும். “முன்னாள் உரிமையாளர் ஒருவர்” என்று மழுப்பினாயானால் நானே பேருந்து பிடித்து வந்து நூலகத்து வாசலில் நிற்பேன். எண்பத்தொரு வயதில் அது உனக்கு அழகாக இருக்காது.

சனிக்கிழமைக்குள் இது கிடைக்க அதிகம் கட்டியிருக்கிறேன். சாக்குச் சொல்லாதே.

ஹெஸ்டர்


அக்டோபர் 15

அன்புள்ள ஹெஸ்டர்,

வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. சனிக்கிழமை நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு நூலகத்தின் பின் அறைக்குப் போனேன். மார்ஜரியும் இன்னும் நான்கு பெண்களும் மடித்துக்கொண்டிருந்தார்கள். காப்பி வாசனை. இரண்டு பெட்டி நிறைய உறைகள் ஒட்டித் தயாராக இருந்தன.

“இத அனுப்ப முடியாது” என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

“ஏன்? எழுத்துப் பிழையா?” என்றாள் மார்ஜரி. “ஒரு எழுத்துக்கெல்லாம் இப்ப ஒண்ணும் பண்ண முடியாது எல்வுட்.”

“எழுத்துல இல்ல. என்கிட்ட.”

சொன்னேன். முதலில் என் மூன்று கையெழுத்துகளை. பிறகு உங்கள் கடிதத்திலிருந்து நீங்கள் சொல்லச் சொன்னதை மட்டும். மார்ஜரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மற்ற நால்வரும் மடிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில் சிப்பிக்காரரின் மனைவி எட்னா சொன்னாள்:

“இதுக்கா இவ்வளவு? ஹெஸ்டர் வெட்டினது சிப்பி தோண்டப் போற எல்லாருக்கும் தெரியுமே. தண்ணியில நின்னு பாத்தா தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்கதான் வருஷா வருஷம் மாற்றமில்லைன்னு எழுதிட்டு வந்தீங்களே. ஆமோசுக்காகக் கண்டும் காணாம விட்டுட்டீங்கன்னு நெனச்சோம். இவரு பாக்கத்தான் கொஞ்சம் வெறப்பு, மனசு நல்ல மனசுன்னு என் வீட்டுக்காரர்கூடச் சொன்னாரு.”

ஹெஸ்டர், இதுவரை யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. நான் செய்யாத ஒரு நல்ல காரியத்துக்காக மூன்று ஆண்டுகளாக இந்த ஊர் என்னை மதித்துவந்திருக்கிறது.

“தெரிஞ்சிருந்தா படத்தப் போடும்போது ஏன் சும்மா இருந்தீங்க?” என்று மார்ஜரி கேட்டாள்.

“கடிதத்த யாரு படிச்சா? நாங்க மடிக்கத்தானே வந்தோம்” என்றாள் எட்னா.

தாமதமாகிவிட்டது, இதை அனுப்பிவிட்டுப் பிறகு விளக்கமாக இன்னொரு கடிதம் போடலாம் என்றாள் மார்ஜரி. நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. காரில் வைத்தேன். இரண்டாவது பெட்டிக்காகத் திரும்ப உள்ளே போக வேண்டியிருந்தது. அதுதான் மிகவும் கடினம். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. மார்ஜரி மட்டும் கோபத்தோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கையில் சுமையோடு வருபவருக்குக் கதவைப் பிடிக்கும் பழக்கம் கோபத்திலும் போகவில்லை.

பிறகு ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு திரு. கார்போன் வீட்டுக்குப் போனேன். சாஸை அதற்கு முந்தின இரவுதான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னைன்னு நெனச்சீங்களா?”

“ஆமா.”

“ஜாடி வாங்கிட்டுப் போன அன்னிக்கும்?”

“ஆமா.”

“கடையில யாரும் என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. சரி, இந்த ஊர் சுபாவம்னு விட்டேன்.” ஜாடியை வாங்கிக்கொண்டார். “சுபாவம் இல்ல போல.” கதவு மூடியது. அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருக்கலாம்.

புதுக் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்று நானே எழுதினேன். அச்சுக் கூலி என்னுடையது. முதல் வரி: “ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் எல்லையையும் நடப்பதாக நாங்கள் சொல்லிவந்தோம். மூன்று ஆண்டுகள் ஓர் எல்லையை நான் நடக்கவில்லை.” அடுத்த பத்தியில் உங்கள் முழுப் பெயர் இருக்கிறது. ஓசைப்படாமல் பயப்படும் ஒரு கிழவனை நம்பி ஒரு நிலத்தை விடக்கூடாது, கூலி கொடுத்து ஒருவரை வைத்து, அவருக்கு மேல் ஒருவர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் நிதி என்று எழுதியிருக்கிறேன். மார்ஜரி படித்துவிட்டு, “இதுக்கு யாரும் அஞ்சு டாலர் குடுக்க மாட்டாங்க” என்றாள். ஆனால் கையெழுத்துப் போட்டாள். நாளை தபாலில் போகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்வுட்


அக்டோபர் 23

எல்வுட்,

படித்தேன். என்னைப் பற்றிய பத்தியில் “துயரத்தால்” என்ற சொல் வேண்டாம். அனுப்பிவிட்டாய், போகட்டும்.

ஒன்பது அல்ல, பத்து. பத்தாவது சன்னலை மறைக்கவில்லை. ஒன்பதாவது விழும்போது இதன் உச்சியை முறித்துவிட்டது, அதனால் வெர்ல் அதையும் எடுத்தான். ஜூனிப்பர் புதருக்குப் பின்னால் இருக்கும். புதரைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டிருப்பாய்.

பத்து மரக்கன்றுக்கு ஆகும் செலவு என்னுடையது என்று மார்ஜரிக்கு எழுதிவிட்டேன். கார்போனுக்கும் எழுதினேன். பதில் இல்லை. விருந்து முடிந்ததும் எழுது. நல்ல செய்தியை முதலில் சொல்லி என்னைத் தேற்றப் பார்க்காதே.

ஹெஸ்டர்


நவம்பர் 18

அன்புள்ள ஹெஸ்டர்,

கெட்ட செய்தி முதலில். நாங்கள் நினைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. முப்பத்தொரு பேர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் ஓரத்தில், நாம் எழுதும் அதே இடத்தில், எழுதியிருந்தார்: “நடக்காத நடைக்கு நான் ஏன் தர வேண்டும்?”

ஆனால் இதற்கு முன் ஒரு முறையும் தராத வீடுகளிலிருந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் சிப்பிக்காரர்கள். சிறு சிறு தொகை, கசங்கிய நோட்டு, உறையில் சேறு. போர்ட்லண்ட் அமைப்பு வாக்குப்படி அதே அளவு தருகிறது. ஆள் வைத்து இரண்டு ஆண்டு நடக்கலாம். அதற்குப் பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். நிலங்கள் இப்போதைக்கு ஊரிலேயே இருக்கின்றன.

என் பொறுப்பிலிருந்து விலகினேன். ஏற்றுக்கொண்டார்கள். கொஞ்சமாவது தயங்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. புதிதாக வருபவருக்கு எல்லைக் கற்களைக் காட்ட ஓராண்டு மட்டும் கூட நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

விருந்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பீன்ஸ் பரிமாறி முடித்துப் பழப் பை வரும் நேரத்தில் திரு. கார்போன் உள்ளே வந்தார். கூடத்தில் பேச்சு அடங்கியது. சுற்றிப் பார்த்தார். வேறு இடமும் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்த பீன்ஸ்ல என்ன, சர்க்கரையா போடுறீங்க?”

“வெல்லப்பாகு.”

“கடவுளே.” இரண்டு கரண்டி சாப்பிட்டார். “அந்தம்மா கடிதம் போட்டிருந்தாங்க. அஞ்சு பக்கம்.” தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன். “கன்னு நட்டா எவ்வளவு வருஷத்துல சன்னல மறைக்கும்?”

“முப்பது.”

“எனக்கு இப்பவே அறுபத்தாறு. மறைக்கட்டும்.” அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டே: “தெற்குப் பக்கம் நான் நடக்கிறேன். காசு வேண்டாம். வடக்க நீங்க நடங்க. நான் சன்னல்ல நின்னு பாப்பேன், நடக்கிறீங்களான்னு.”

எதிர் மேசையிலிருந்து வெர்ல் கேட்டுவிட்டு, “நல்லாப் பாருங்க, இவரு மார்க் போடும்போதும் இப்படித்தான், ஒரு பக்கத்தத் திருப்பவே மாட்டாரு” என்றான். சிலர் சிரித்தார்கள். கார்போன் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

நேற்று வடக்கு எல்லையை நடந்தேன். ஜூனிப்பர் புதரைச் சுற்றிப் போனேன். பத்தாவது இருக்கிறது. ஏழாம் எண் கல்லில் நின்றபோது அலை இறங்கியிருந்தது. நீலக் கோட்டு ஒருவரும் பழுப்புக் கோட்டு ஒருவரும் சேற்றில் குனிந்திருந்தார்கள். யாரென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சன்னலில் ஓர் உருவம் இருந்தது. கையை உயர்த்தினேன். அதுவும் உயர்த்தியது.

கன்றுகளை ஏப்ரல் கடைசி வாரம் நடுகிறார்கள். பேருந்து நிலையத்துக்கு நான் கார் கொண்டு வருவேன்.

என் முதல் கடிதத்தின் நகலை இன்று எடுத்துப் பார்த்தேன். நான்காவது தவறு என்று முன்பே எழுதிவிட்டேன். அது எல்லோரும் பார்த்த தவறு. என்னைத் துளைப்பது இன்னொன்று. ஆகஸ்டில் அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டேன். இரண்டே முக்கால் என்று எழுதும்போதே கையில் ஏதோ தடுக்கியது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அப்புறம் இருபத்திரண்டு வருடப் பழக்கம்போல் அந்த எண்ணை உங்களுக்குத்தான் அனுப்பினேன், மார்ஜரிக்கு அல்ல.

ஐந்தாவது: உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினேன். அது தவறு. ஆமோஸ் கடலைப் பார்த்தாரா என்றுதான் கேட்டேன்.

எல்வுட்